மார்கழிப் பனியில் மறுகரைப் பயணம்

குளிர்காலப் பிரயாணம் என்றதும் நம்மவருட் பெரும்பாலோர்க்கு நுவரெலியாவே நினைவுக்கு வரும். கையிற் பொருளுள்ள சிலர்க்குப் பனி மூடிய ஐரோப்பிய மலைகளும் நினைவுக்கு வரலாம். ஆயின், மட்டக்களப்பு நாட்டில் வாழும் எங்களுக்கு மார்கழி குளிர்காலமன்று, மாரிகாலம். அம்மாதத்தில் வாவி பெருகி, வயலும் தானும் ஒன்றாய்க் கிடக்கும். முகத்துவாரம் வெட்டப்பட்டதா, எவ்வூர் வீதி வெள்ளத்தில் மூழ்கியது, எவருடைய வேளாண்மை அழிந்தது என்பனவே சந்தியிலும் தேநீர்க் கடையிலும் பேச்சாயிருக்கும். அத்தகைய காலத்திற் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் புறப்படும் தம்பதியரைக் கண்டால் அயலார் வியப்பது இயல்பே. 2024 ஆம் ஆண்டு மார்கழியிற் குருக்கள்மடத்திலிருந்து அவ்வாறு புறப்பட்டவர் நானும் என் மனைவியும்.

சென்றது தொலைதூர நாடன்று, தமிழ்நாடுதான். திருச்சிராப்பள்ளியில் இறங்கி, வாடகை மோட்டார் வண்டியொன்றை அமர்த்தி, காவிரி பாயும் ஊர்களினூடாகச் சிதம்பரத்தை அடைவது; அங்கிருந்து கடலை இடப்புறத்தே வைத்துக்கொண்டு தெற்கே தனுஷ்கோடி வரை செல்வது; பின்னர் மதுரை வழியே திரும்புவது. இதுவே எங்கள் திட்டம். எட்டு நாள், எண்ணூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். அவ்வழி நெடுகிலும், கடலுக்கு அப்பால் நம் நாடு கிடக்கிறது.

கடல் வழியாகவே செல்லவேண்டும் என்பது என் ஆசை. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்குமிடையே 2023 ஒக்டோபர் 14 ஆம் நாள் பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிய செய்தியை வாசகர் அறிவர். ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அக்கப்பல் நிறுத்தப்படுகிறது. நாங்கள் புறப்பட்ட காலத்திலும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆதலாற் கட்டுநாயக்காவிலிருந்து ஆகாய விமானத்திற் சென்றோம்.

பயணத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று என்னுடையது. இந்துக் கல்லூரியிற் பத்தாம் வகுப்பு மாணவருக்குச் சுவாமி விபுலானந்தரின் வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் எழுந்து, "சேர், யாழ் நூல் அரங்கேறின திருக்கொள்ளம்பூதூர் எப்படியான இடம்? நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டான். வினாவில் நியாயம் இருந்தது. மற்றைய காரணம் என் மனைவியுடையது. அவள் பிறந்த ஊர் காரைதீவு. விபுலானந்தர் பிறந்ததும் அவ்வூரே. "எங்கட ஊர்ச் சாமி நடந்த இடத்தையெல்லாம் ஒருக்காப் பார்க்கவேணும்" என்று நெடுநாளாகச் சொல்லி வந்தாள். அவளுக்கு வேறொரு காரணமும் உண்டென்பதை நான் அறிவேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

டிசெம்பர் 22 ஆம் நாள் திருச்சியில் இறங்கினோம். எங்கள் வண்டியோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க திருச்சிக்காரர், நல்ல மனிதர். நாங்கள் இருவரும் பின்னாசனத்தில் அமர்ந்து பேசியதைச் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டபின், "சார், நீங்க கேரளாவா?" என்று வினவினார். மட்டக்களப்புத் தமிழைக் கேட்கும் தமிழகத்தார் பலர்க்கும் எழும் ஐயம் இது. "இலங்கை" என்றேன். "ஓ, சிலோனா!" என்றார். எங்கள் நாட்டின் பெயர் 1972 இல் மாறியது. திருச்சி மாவட்டத்து மோட்டார் வண்டிகளில் அச்செய்தி இன்னும் முற்றாக ஏறவில்லை போலும்.

மார்கழி ஏழாம் நாள் விடியற்காலை, தஞ்சாவூர்ச் சாலையில் எங்கள் வண்டி சென்றது. வயல்களின்மேற் பனி படிந்திருந்தது. இது உறைபனியன்று, வெண்துகில் போல நிலத்தையொட்டித் தவழ்ந்து, ஞாயிறு எழுந்ததும் மறையும் மென்பனி. ஒவ்வோர் ஊரிலும் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையை முழக்கிற்று. வாசல்தோறும் பெண்கள் குனிந்து கோலமிட்டுக்கொண்டிருந்தனர். சாண உருண்டையிற் செருகிய பூசணிப் பூ, அரையிருளிற் சிறு விளக்குப் போலத் தோன்றியது. எங்கள் ஊரில் மார்கழி வைகறை என்றால் திருவெம்பாவைக் காலம். சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, ஈர வீதியில் ஒரு கூட்டம் பாடிச் செல்லும். இங்கே கேட்பது ஆண்டாள். அங்கே கேட்பது மணிவாசகர்.

நெல் மட்டும் இரு கரையிலும் ஒன்றாகவே நின்றது. நாம் பெரும்போகம் என்பதை அவர்கள் சம்பா என்கின்றனர். இருவரும் தைக்குப் பின் அறுப்பர். அவ்வாண்டு கார்த்திகை இறுதியில் நம் கிழக்குக் கரையை வெள்ளத்தில் ஆழ்த்திச் சென்ற ஃபெங்கால் புயலே, நவெம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களைப் பாழாக்கியது. வழியில் ஒரு கமக்காரரிடம் இதனைச் சொன்னபோது, "உங்க ஊர்லேர்ந்துதான் அனுப்பி வச்சீங்களா?" என்று சிரித்தார். இழப்பு அவருக்கும் சிறிதன்று.

தஞ்சையில் எல்லாரும் பெரிய கோயிலுக்குச் செல்வர். நாங்களும் சென்றோம், அதன் பெருமையை எழுத இப்பத்தி போதாது. எனக்கு அதனினும் முதன்மையாயிருந்தது நகரின் ஒரு புறத்தேயுள்ள கரந்தை. 1911 ஆம் ஆண்டு தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமே விபுலானந்தரின் யாழ் நூலை 1947 இல் வெளியிட்டது. நகரத்தார் செல்வர் ஒருவர் அதற்குப் பொருள் உதவினார். காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பிற் பள்ளி தொடங்கிய ஒருவர், இமயமலைச் சாரல் வரை சென்று உழைத்து எழுதிய நூலைத் தஞ்சைத் தமிழர் அச்சிட்டனர். அந்நாளிற் கடல் இவ்வளவு அகலமாயிருக்கவில்லை.

மாணவர்க்காக ஒரு சொல்: யாழ் என்ற கருவி தமிழ்நாட்டில் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகளாயின. பழைய நூல்களிற் பெயர் இருந்தது, உருவம் இல்லை, ஒலி இல்லை. விபுலானந்தர் தமிழறிஞர் மட்டுமல்லர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பித்தவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் ஒருபுறமும், நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்குமுள்ள கணக்கை மறுபுறமும் வைத்து ஆராய்ந்தார். வில் யாழ், பேரியாழ், மகர யாழ், சகோட யாழ் என்பன எவ்வாறு இருந்திருக்கும் என்று கணித்துக் கூறினார். ஓசையைக் கணக்காற் கண்டுபிடிக்க முனைந்தவர் அவர். தமிழும் விஞ்ஞானமும் வெவ்வேறு துறைகளெனக் கருதும் எங்கள் பாடசாலை நேரசூசிகள் அவருக்கு விளங்கியிரா.

திருக்கொள்ளம்பூதூரை அடைந்தபோது பிற்பகலாயிற்று. திருவாரூர் மாவட்டத்திற் கொரடாச்சேரிக்கு அண்மையிலுள்ள சிற்றூர் அது. ஆற்றங்கரை, மூங்கிற் புதர், வயல், நடுவே வில்வவனேசுவரர் கோயில். 1947 யூன் 5, 6 ஆம் நாள்களில் இங்கேதான் யாழ் நூல் அரங்கேறியது. அப்போதே சுவாமிகளின் உடல்நலம் குன்றியிருந்தது. யூலை 19 ஆம் நாள் அவர் மறைந்தார். நூலைக் கையிலேந்திய பின் அவருக்குக் கிடைத்த காலம் ஏறக்குறைய ஆறு வாரம்.

ஏன் இந்தச் சிற்றூர்? விடை இவ்வூரின் பழங்கதையிலும் ஒருவாறு கிடக்கிறது. திருஞானசம்பந்தர் அடியார் கூட்டத்துடன் இங்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம் கரை புரண்டது. ஓடக்காரர் ஓடத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டனர். சம்பந்தர் அடியாரை ஓடத்தில் ஏற்றித் தாமும் ஏறிப் பதிகம் பாட, அப்பதிகமே கோலாக ஓடம் மறுகரை சேர்ந்ததென்பர். அவருடன் ஊர்தோறும் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பதிகத்தை யாழில் இசைத்தவர் அவர். இன்றும் ஐப்பசியிற் தீபாவளியை அடுத்து இங்கே ஓடத் திருவிழா நிகழ்கிறது. யாழைப் பற்றிய நூலுக்கு இதனினும் பொருத்தமான மேடை எளிதிற் கிட்டாது.

இக்கதையைக் கோயிலில் இருந்த முதியவர் ஒருவர் எங்களுக்குச் சொன்னபோது, என் மனைவி என்னைப் பார்த்து முறுவலித்தாள். வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்கும் எங்களுக்கு ஓடத்திற் கடத்தல் புதிதன்று. எங்கள் துறையிலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் மக்களும் மிதிவண்டியும் மோட்டார்ச் சைக்கிளும் ஒருங்கே ஏறிக் கடக்கும் தட்டையான மிதவையை எங்கள் ஊரிற் 'பாதை' என்போம். பாதை என்றால் நிலத்திற் கிடப்பதன்று, நீரில் நகர்வது என்பதை வெளியூரார்க்கு விளக்க எங்களுக்குச் சிறிது நேரம் பிடிக்கும். வெள்ளக் காலத்தில் அதுவும் நின்றுவிடும். சம்பந்தருக்கு வந்த இடர் எங்கள் படுவான்கரை ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் வருவதே.

முதியவர் எங்கள் ஊரை விசாரித்தார். "விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் என்னுடையது" என்று மனைவி கூறியதும், அவர் எழுந்து உள்ளே சென்று தட்டில் இரண்டு வில்வ மாலைகளுடன் வந்தார். "எங்க தாத்தா அந்த ரெண்டு நாளும் இங்கதான் இருந்தாராம். யாழைத் தூக்கிட்டு ஊர்வலமாப் போனாங்கன்னு சொல்லுவாரு" என்றார். அவளுக்கு வாய் பேச எழவில்லை. ஆற்றங்கரையில் நெடுநேரம் நின்றோம். மட்டக்களப்பு வாவியில் நிலவிரவிற் கேட்கும் ஓசையைப் பற்றிச் சுவாமிகள் கவிதை எழுதியிருக்கிறார். அந்த ஓசையைச் சிறுவயதிற் கேட்டவர், இந்த ஆற்றின் கரையில் தம் நூலை வைத்தார்.

சிதம்பரத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. நம்மவர் பலரும் கண்டதே. கடலூர் மாவட்டத்துப் புயல் மழையின் ஈரம் தெருக்களில் இன்னும் இருந்தது. ஆறுமுக நாவலர் 1864 இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை இந்நகரில் உள்ளது. 1929 இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராய் இருந்தவர் விபுலானந்தர். மர நிழலில் மாணவர் குழுமியிருந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் இருவரிடம் சுவாமிகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவன் அறிந்திருந்தான், மற்றவன் உடனே கைப்பேசியில் தேடி அறிந்துகொண்டான். ஐம்பது விழுக்காடு என்பது எங்கள் வகுப்பறை அளவுகோலில் மோசமன்று.

கண்ணகியின் பிறந்தகம்

25 ஆம் நாள் காலை பூம்புகார் சென்றோம். 1973 இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் பலரும் அறிந்ததே. நாங்கள் நேரே கடற்கரைக்குச் சென்றோம். காவிரி கடலிற் கலக்குமிடத்தில் அலை சீறிக்கொண்டிருந்தது. பழைய நகரத்தைக் கடல் கொண்டது என்ற செய்தியை அவ்வலையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் எவரும் நம்புவர்.

இங்கே என் மனைவி ஒரு வினா எழுப்பினாள். "இஞ்ச பாருங்க, கண்ணகி பிறந்த ஊர் இதுதானே? கண்ணகை அம்மன் கோயில் எங்க இருக்கு?"

வாசகர் இவ்வினாவின் ஆழத்தைக் கருதவேண்டும். மட்டக்களப்புத் தென்கரையில் எங்கு திரும்பினும் கண்ணகை அம்மன் கோயில் உண்டு. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று பெயர் அடுக்கிக்கொண்டே போகலாம். வைகாசித் திங்களிற் கதவு திறந்து, கண்ணகி வழக்குரையை இரவிரவாகப் பாடி, மதுரையை எரித்தவளின் சினம் ஆறும்படி குளிர்த்தி செய்து முடிப்பர். எங்கள் கிழவிகளுக்குக் கோவலனும் மாதவியும் அயல்வீட்டாரைப் போன்றவர்கள். "அவன் செய்த வேலைக்கு" என்று கோவலனை இன்றும் திட்டுவர். சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வமாக வணங்குவர். சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் கலந்துகொண்டதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

தமிழ்நாட்டிலோ அவள் காப்பியத் தலைவி. சென்னைக் கடற்கரையிற் சிலையாய் நிற்பவள். மேற்குத் தொடர்ச்சி மலையிற் கேரள எல்லையோரத்தில் உள்ள பழைய கோயிலோ, சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் வழிபாட்டுக்குத் திறக்கப்படுகிறது. வண்டியோட்டியிடம் கேட்டோம். "கண்ணகிக்குக் கோயிலா? அவங்க கதையில வர்றவங்கதானே, அம்மா" என்றார். மனைவி சிரித்துக்கொண்டு, "பிறந்த வீட்டுல இல்லாத மரியாதை புகுந்த வீட்டுல கிடைச்சிருக்கு" என்றாள். ஒப்பியல் இலக்கியம் கற்கும் மாணவர் இவ்வாக்கியத்தைத் தலைப்பாகக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதலாம்.

அன்று நத்தார் நாள். தரங்கம்பாடியில் 1620 இல் தேனியர் எழுப்பிய கோட்டையின் முன் குழந்தைகள் புத்தாடையுடன் ஓடி விளையாடினர். 1706 இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழில் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர். காரைக்காலைக் கடந்து இருட்டும் வேளையில் நாகப்பட்டினத்தை அடைந்தோம். வேளாங்கண்ணி செல்லும் மக்கள் வீதியை நிறைத்திருந்தனர்.

இருபதாம் ஆண்டுக் காலை

மறுநாள் டிசெம்பர் 26.

இனி அவளுடைய காரணத்தைச் சொல்லவேண்டும். 2004 ஆம் ஆண்டு அந்நாளில் அவள் மட்டக்களப்பில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தாள். காரைதீவில், கடலுக்கு மிக அண்மையில் இருந்த வீட்டில் அவள் தாயாரும் பதினொரு வயதுத் தம்பியும் இருந்தனர். தாயாரின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. தம்பி கிடைக்கவில்லை. இலங்கையில் ஆழிப்பேரலை மிக அதிகமான உயிர்களைக் கொண்ட மாவட்டம் அம்பாறை. அவள் குடும்பம் அப்பெருந்தொகையில் இரண்டு.

திருமணமாகிக் குருக்கள்மடம் வந்தபின், கடல் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரத்திலே இருந்தும், எந்த ஆண்டும் அந்நாளில் அவள் கடற்கரைக்குச் சென்றதில்லை. சன்னல்களைச் சாத்திவிட்டு, நண்பகல் வரை நீரும் அருந்தாது அறையில் இருப்பாள். நான் எதுவும் கேட்பதில்லை. பயணத் திட்டத்தை நான் வரைந்தபோது, 26 ஆம் நாளைத் தஞ்சாவூரில் வைத்திருந்தேன். கடலினின்றும் விலகியிருக்கட்டும் என்று. அவள் தாளை வாங்கிப் பார்த்து, அந்நாளுக்கு நேரே நாகப்பட்டினம் என்று எழுதித் திருப்பித் தந்தாள்.

தமிழ்நாட்டில் ஆழிப்பேரலைக்கு மிகுதியும் இரையானது நாகப்பட்டினம் மாவட்டமே. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மட்டும் மாண்டனர். அந்நாளில் இங்குள்ள மீனவர் கடலுக்குச் செல்வதில்லை. நாங்கள் சென்ற காலையில் படகுகளெல்லாம் கரையிற் கிடந்தன. குப்பத்து மக்கள் பாற்குடங்களும் மலரும் ஏந்தி, பேச்சின்றி அணியணியாகக் கடலை நோக்கி நடந்தனர். வானம் மூடியிருந்தது, காற்றிற் குளிர் இருந்தது.

என் மனைவி மணல் தொடங்குமிடத்தில் நின்றுவிட்டாள். நானும் அவளருகே நின்றேன். எங்களைக் கடந்துசென்ற மூதாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்து அருகே வந்தார். மீன் விற்பவர் என்பது தோற்றத்திலே தெரிந்தது.

"எந்த ஊரு தாயி?"

"இலங்கை, அம்மா."

"அங்கயும் வந்துச்சுன்னாங்களே. உனக்கு யாரு?"

"அம்மா. பிறகு தம்பி."

"எனக்குப் பேரப்புள்ளைங்க ரெண்டு. பெரியவன் கெடச்சான். சின்னது கெடைக்கல."

"தம்பியும் கிடைக்கல்ல" என்றாள் என் மனைவி. என்னிடங்கூட அவள் அச்சொற்களை அவ்வாறு தனித்துச் சொன்னதில்லை.

மூதாட்டி மடியிலிருந்த மலரிற் பாதியை அள்ளி அவள் கையில் வைத்து, "வா" என்றார். இருவரும் சேர்ந்து நடந்தனர். நான் பின்னே நின்றேன். அலை கணுக்காலை நனைக்குமிடத்தில் இருவரும் குனிந்து மலரை விட்டதைக் கண்டேன். என் கடிகாரத்தில் மணி 9.25. அவ்வேளையில் நம் நாட்டில் இரண்டு நிமிட மௌனம் காப்பர். 2004 இல் இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் அரைமணி நேர வேறுபாடு இருந்தது. 2006 ஏப்பிரலின் பின் அது நீங்கியது. ஆதலால், காரைதீவிலும் இக்கரையிலும் மக்கள் ஒரே கணத்தில் தலை குனிந்து நின்றனர்.

மூதாட்டியின் பெயரை நாங்கள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மனைவி, "பசிக்குது" என்றாள். கடைத்தெருவிலுள்ள சிற்றுண்டிச்சாலையில் மூன்று இட்டலி உண்டாள். வண்டியோட்டி, தாம் அதுவரை வாங்காதிருந்த தம் காப்பியை அப்போதுதான் வாங்கினார்.

தெற்கே செல்லும் வழி

வேதாரணியத்தில் 1930 இல் இராசாசி நடத்திய உப்புச் சத்தியாக்கிரகத்தின் நினைவுத்தூணைக் கண்டோம். உப்பளங்கள் மாரியில் நீர் நிறைந்து கிடந்தன. அதற்கப்பால் நிலம் கடலுக்குள் மூக்கு நீட்டும் கோடியக்கரை. குளிர்காலத்திற் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இதனினும் நல்ல இடம் அக்கரையில் இல்லை. காட்டில் வெளிமான்கள் கூட்டமாய் மேய்கின்றன. வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இங்கே வந்து சேரும். தொலைவில் ஆழமற்ற நீரிற் பூநாரைகள் வரிசையாய் நின்றன. இதே இனப் பறவைகள் மன்னாரிலும் வந்திறங்குவன. அவற்றுக்கு நுழைவனுமதி வேண்டியதில்லை என்று மனைவி குறிப்பிட்டாள்.

மறுநாள் முத்துப்பேட்டை, தொண்டி, தேவிபட்டினம் என்று நெடுவழி. இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசல் குறைவு. இருபுறமும் சீமைக் கருவேலும் பனையும் மாறி மாறி வரும். மண்டபத்தில் வண்டியைச் சிறிது நிறுத்தச் சொன்னேன். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற இந்தியத் தமிழர் கப்பலேறுமுன் தங்கவைக்கப்பட்ட முகாம் இங்கே இருந்தது. 1964 ஒக்டோபரிற் செய்த சிறிமா - சாத்திரி உடன்படிக்கையின்படி அவர்தம் பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டபோதும் இங்கேயே வந்திறங்கினர். 1983 இன் பின் போருக்கு அஞ்சிய நம்மவர் படகேறி வந்ததும் இங்கேதான். ஒரே முகாம், மூன்று தலைமுறை, மூவகைத் துயரம். வாயிலருகே தண்ணீர்க்குடத்துடன் நின்ற பெண்ணொருத்தி எங்கள் பேச்சைக் கேட்டு, "எந்த இடம்?" என்றாள். அவ்விரு சொல்லின் ஓசையிலே அவள் மன்னார்ப் பக்கம் என்பது தெரிந்தது. சிறிது நேரம் கதைத்தோம். அவள் இங்கே பிறந்தவள், மன்னாரைக் கண்டதில்லை.

பாம்பனில் 1914 இல் திறந்த பழைய இருப்புப்பாதைப் பாலம் ஓய்ந்து நின்றது. அதனருகே புதிய பாலம் கட்டிமுடிந்து திறப்பு விழாவை எதிர்நோக்கியிருந்தது. அவ்விழா பின்னர் 2025 ஏப்பிரலில் நடந்தது. 1988 இல் திறந்த வீதிப் பாலத்தின் வழியே நாங்கள் தீவுக்குட் சென்றோம்.

இராமேசுவரத் தரிசனம் முடித்து, 28 ஆம் நாள் காலை தனுஷ்கோடியை அடைந்தோம். கொழும்புக் கோட்டையில் மாலையிற் புகையிரதமேறித் தலைமன்னாரிற் கப்பலுக்கு மாறி, தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதமேறிச் சென்னை சேர்ந்த காலத்தை நம் பாட்டன்மார் 'போட் மெயில்' என்று நினைவு கூர்வர். கொழும்பிலேயே சென்னைக்குச் சீட்டு வாங்கலாம். 1964 டிசெம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் எல்லாவற்றையும் முடித்தது. நம் திருகோணமலையையும் வன்னியையும் கடந்துவந்த புயல் அது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த புகையிரதமொன்றைக் கடல் வாரிச் சென்றது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் பிழைக்கவில்லை. நடிகர் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் யாத்திரையாக வந்து, அவ்விரவில் இராமேசுவரத்திற் தங்கியதாற் தப்பினர் என்று எங்கள் வண்டியோட்டி மிகுந்த ஈடுபாட்டுடன் கூறினார். அக்காலத்துப் பத்திரிகை வாசித்தோரும் அதனை அறிவர்.

கோயிலின் சுவர், கூரையற்ற தேவாலயம், தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், இவற்றுக்கிடையே சிப்பி மாலை விற்போர். 2017 இல் முடிந்த புதிய வீதி அரிச்சல்முனை வரை செல்கிறது. அங்கே ஒருபுறம் கடல் அமைதியாயும் மறுபுறம் கொந்தளித்தும் கிடந்தது. தலைமன்னார் முப்பது கிலோமீற்றருக்குள். அவ்விடத்தில் என் மனைவியின் கைப்பேசி ஒலித்தது. தலைமன்னார்ப் பக்கத்து அலை எப்படியோ எட்டியிருக்கவேண்டும். அவளுடைய இலங்கைத் தொடர்பு உயிர்பெற்று, காரைதீவிலிருந்து அவள் அக்கா அழைத்தாள். "எங்க நிற்கிறாய்?" என்ற கேள்விக்கு, "கிட்டத்தான்" என்றாள்.

தலைமன்னாருக்குத் தண்டவாளம் 2015 இல் மீண்டும் வந்துவிட்டது. இக்கரையிலோ இராமேசுவரத்துக்கு அப்பால் தண்டவாளம் இல்லை, கப்பலும் இல்லை. இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பல் 1980 களின் முற்பகுதியிலே நின்றது.

மதுரையில் ஓரிரவு தங்கி, 29 ஆம் நாள் விமானமேறினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற் கட்டுநாயக்கா. அங்கிருந்து குருக்கள்மடத்துக்குப் பஸ்ஸில் எட்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பொலன்னறுவைக்கு அப்பால் மழை.

செல்ல விரும்பும் குடும்பத்தினர்க்குச் சில குறிப்புகள். இந்திய நுழைவனுமதியை இணையவழியே பெறலாம். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமற் செல்லுபடியாக வேண்டும். வண்டியைக் கிலோமீற்றர்க் கணக்கிற் பேசிக்கொண்டு, ஓட்டுநரின் நாட்படி, சுங்கச் சாவடிக் கட்டணம் ஆகியன அதில் அடங்குமா என்பதை முன்னரே கேட்டறிக. மார்கழியில் வைகறை ஐந்து மணிக்குப் புறப்பட்டாற்றான் பனியையும் கோலத்தையும் காணலாம். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று போதும். கோடியக்கரைக்கு ஒரு முழுநாள் ஒதுக்குக. கப்பலிற் செல்ல எண்ணுவோர் மாசி வரை காத்திருந்து, காற்றுத் தணிந்தபின், சேவை நடைபெறுகிறதா என விசாரித்துச் செல்வது நன்று. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய நான்கு மணி நேரம்.